ஒடுக்குமுறை பற்றிய உரையரங்கம்: காயப்பட்டவரை மறுபடி காயப்படுத்தாமல் நடத்துவது எப்படி?

அடையாளம், சமூகநீதி, ஒடுக்குமுறையிலிருந்து மீளுதல் என்று மூன்றையும் ஒரே அழைப்பிதழில் போட்டால் எதையும் உருப்படியாகப் பேச முடியாது. ‘வாடகைக்கு வீடு தேடும்போது கேட்கப்படும் கேள்விகள்’ என்ற அளவுக்குத் தலைப்பு இறங்கி வர வேண்டும். கூட்டம் யாருக்காக என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கூட்டம் வேறு, மற்றவர்களுக்குப் புரியவைக்கும் கூட்டம் வேறு. இரண்டையும் கலந்தால், வலியைச் சுமப்பவரே பாடம் நடத்தும் வேலையையும் சுமக்க நேரிடும்.

பேச்சாளருக்கு எழுதும் கடிதத்தில் நேரம், மதிப்பூதியம், பயணச் செலவு, யாரெல்லாம் வருவார்கள், பதிவு செய்யப்படுமா என்பவை இருக்கட்டும். எந்தக் கேள்விகளைத் தவிர்க்க விரும்புகிறார் என்றும் கேளுங்கள். ‘உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று வற்புறுத்தவே கூடாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது முழுக்க அவருடைய உரிமை. உரையின் பிரதியை முன்கூட்டியே வாங்குவது மொழிபெயர்ப்பாளர் தயாராவதற்குத்தான், வெட்டித் திருத்துவதற்கு அல்ல. 1936இல் லாகூரின் ஜாத்-பட்-தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமையேற்க அம்பேத்கரை அழைத்துவிட்டு, உரையைப் படித்தபின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அவர். மாநாடு கைவிடப்பட்டது. உரையை அவரே சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார்.

உரையைத் தயாரிப்பவர் கொடுமையின் விவரங்களை அடுக்குவதைவிட, அது இயங்கும் விதத்தைக் காட்ட வேண்டும். என்ன விதி, யார் போட்டது, யார் வெளியே நிற்கிறார்கள் என்ற வரிசையில் போனால் கேட்பவருக்குப் பிடிபடும். 1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது, ஆனால் அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் வைத்திருந்தது, ஆனால் அவர்கள் ஆண்கள். அதனால், இரண்டு அடையாளங்களையும் சேர்த்துக் கறுப்பினப் பெண்களாக முறையிட நீதிமன்றம் இடம் தரவில்லை. இந்த இடைவெளியை வைத்துத்தான் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் குறுக்குவெட்டு ஒடுக்குமுறை, அதாவது ஒருவர்மேல் இனம், பாலினம் போன்ற பல அடையாளங்கள் சேர்ந்து விழும் ஒடுக்குமுறை, பற்றிய தம் கருத்தை முன்வைத்தார். கண்ணீர் வரவழைக்கும் பத்துச் சம்பவங்களைவிட இப்படி ஒரு வழக்கு ஆழமாக இறங்கும்.

தொண்ணூறு நிமிடக் கூட்டமென்றால் உரைக்கு 35, இடைவேளைக்கு 10, கேள்விக்கு 30, நிறைவுக்கு 15 என்று பிரிக்கலாம். கதவை அடைக்காதீர்கள், எழுந்து போகிறவரை ஏனென்று கேட்காதீர்கள். தண்ணீரோடு ஓர் அமைதியான அறையும், அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும் இருக்கட்டும். வன்முறை பற்றிய பகுதி வருமுன் ‘அடுத்த ஐந்து நிமிடம் இதைப் பற்றி’ என்று சொல்லிவிடுங்கள். சைகைமொழிபெயர்ப்பாளர்கள் இருவர் தேவை. இருபது நிமிடத்துக்கொருமுறை மாறாவிட்டால் களைப்பில் பிழை வரும்.

கேள்வி நேரத்தில்தான் பெரும்பாலான கூட்டங்கள் கெடுகின்றன. மைக்கைக் கூட்டத்துக்குள் விடாமல், துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இருவர் அவற்றைப் பிரித்துத் தர நெறியாளர் வாசிக்கட்டும். ‘இப்போதெல்லாம் பாகுபாடு எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பேச்சாளர் தன் காயத்தைச் சான்றாகக் காட்டத் தேவையில்லை. ‘அது இருப்பதை ஏற்றுக்கொண்டுதான் இன்றைய உரை தொடங்கியது’ என்று நெறியாளரே சொல்லி அடுத்த சீட்டுக்குப் போகலாம். குற்ற உணர்வில் யாரேனும் அழுதால் அரங்கமே அவரைத் தேற்றப் போய்விடும், பாதிக்கப்பட்டவர் ஓரமாகிவிடுவார். தன்னார்வலர் ஒருவர் அழுபவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், நிகழ்ச்சி தொடரட்டும். அண்மையில் நடந்த கொடுமையை ஒருவர் திடீரென்று சொல்லத் தொடங்கினால், ‘சொன்னதற்கு நன்றி. இங்கே எல்லார் முன்னாலும் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை, தனியாகக் கேட்க ஆள் இருக்கிறார்’ என்று மெதுவாக நிறுத்துங்கள். அண்மையில் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் நடந்ததை ஒரே அமர்வில் கிளறிப் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

கேள்வியோடு கூட்டத்தை முடிக்காதீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பாதங்களைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களை மனதுக்குள் எண்ணச் சொல்லலாம். பதற்றம் சற்றுத் தணியும். ஆனால் மூச்சுப் பயிற்சியை மட்டுமே மீட்சி என்று விற்பது, அநீதியின் பழியைப் பாதிக்கப்பட்டவர் மனதின்மேல் போடுவதாகும். ஆலோசனை, சட்ட உதவி, சங்கம் ஆகியவற்றின் தொடர்புகள் அச்சிட்ட தாளும் கையில் போகட்டும்.

மறுநாள் பேச்சாளரை அழைத்து எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். காணொளியை அவர் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிடுங்கள். பின்னூட்டங்களைக் கவனிக்க ஆளில்லை என்றால் அந்தப் பகுதியை மூடிவையுங்கள். வசைகளை நீக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு சேமியுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் அது வேண்டியிருக்கும்.