நாய்க்கும் பெயர் உண்டு: அருங்காட்சியகப் பொருள்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கம் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல்லில் வில்லேந்திய வீரன் ஒருவன் இருக்கிறான், பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. இதை "நடுகல், கல், பல்லவர் காலம், வீரனும் நாயும்" என்று எழுதிவிடலாம். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் கல்லே இதைவிட நிறையச் சொல்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு நாய்க்குப் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள், நாம் "நாய்" என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

அருங்காட்சியகப் பணியாளர், பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர், கைப்பேசியில் நாலு வரி தட்டுகிற என்னைப் போன்றவர் என்று யார் எழுதினாலும் முதலில் விழுகிற குழி இதுதான்: அருங்காட்சியகப் பதிவேட்டை அப்படியே இறக்கி வைப்பது. பதிவேடு திருடு போனால் அடையாளம் காட்டவும், கணக்கெடுக்கவும் எழுதப்பட்டது. பார்க்க வந்தவருக்கு அது ரேஷன் அட்டை படிப்பது போலத்தான் இருக்கும். பொருள், அளவு, காலம் மூன்றும் வேண்டும், ஆனால் கடைசி வரியில் இருந்தால் போதும். முதல் வரியில் கோவிவன் வரட்டும்.

இதற்குப் பயந்து சிலர் எதிர்ப் பக்கம் ஓடிவிடுகிறார்கள். "கண்ணைக் கவரும் எழில்மிகு கலைப்பொக்கிஷம்" என்று தொடங்கும் குறிப்பை எந்தச் சிலைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒரு குத்துவிளக்குக்குக்கூட. எங்கள் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பற்றி எழுதுகிறீர்களா? "வியக்க வைக்கும் வேலைப்பாடு" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. யாளியின் வாய்க்குள் என்ன இருக்கிறது, குதிரையின் காலடியில் யார் கிடக்கிறார் என்று சொன்னால் வாசிப்பவரே வியந்துகொள்வார்.

அடுத்தது ஊர். எங்கள் பக்கம் அதிகம் சறுக்குவது இதில்தான். பழைய பதிவுகளில் எல்லாம் "வட ஆற்காடு மாவட்டம்" என்றே இருக்கும். அதைப் பார்த்ததும் அடித்துவிட்டு "வேலூர் மாவட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். வட ஆற்காடு ஒரே இடத்தில் நின்றதில்லை. 1911 வரை சித்தூரும் அதற்குள்தான், எனவே வெள்ளைக்காரர் காலத்துப் பதிவில் உள்ள ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது, செங்கத்து நடுகற்களும் அதோடு போயின. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மகேந்திரவர்மன் குடைவித்த மகேந்திரவாடிக் குகைக் கோயில் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் உள்ள ஆர்மாமலைக் குகை திருப்பத்தூர் மாவட்டம். ஆகவே பதிவேட்டில் உள்ள பெயரை மாற்றாமல் எழுதி, பக்கத்திலேயே "இன்றைய இன்ன மாவட்டம், இன்ன ஊருக்கு அருகில்" என்று சேர்த்துவிட வேண்டும். தன் ஊர்ப் பெயரைப் பார்த்தால் மனிதர்கள் நிற்கிறார்கள். "அட, இது எங்க ஊரு" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தக் கல்லை விட்டு அவரை நகர்த்துவது கஷ்டம்.

சிலைக்குப் பெயர் வைப்பதிலும் அவசரம் கூடாது. அமர்ந்து கண்மூடியிருந்தால் உடனே புத்தர் என்று எழுதிவிடுகிறோம். இந்தப் பகுதி சமணம் தழைத்த மண். வள்ளிமலை, விளாப்பாக்கத்துக்குப் பக்கத்துப் பஞ்சபாண்டவர் மலை, போளூர்ப் பக்கத்துத் திருமலை என்று மலைக்கு மலை சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை இருக்கிறதா, தோளில் மேலாடையின் விளிம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். முக்குடை தீர்த்தங்கரருக்கு, ஆடை விளிம்பு புத்தருக்கு. அதற்காக "பாண்டவர்" என்று சொல்லும் ஊர்க்காரரைத் திருத்துகிறேன் என்று கேலி செய்யவும் வேண்டாம். அந்தப் பெயருக்கும் ஒரு வயது இருக்கிறது, இரண்டையும் எழுதலாம். தவ்வை சிலைக்கும் இதே கதிதான். காக்கைக் கொடியும், பக்கத்தில் மாட்டுமுக மகனும் இருந்தால் அவள் பல்லவர் காலத்தில் மதிப்போடு கும்பிடப்பட்ட மூத்த தேவி. பின்னால் வந்த "மூதேவி" என்ற வசவை அவள் தலையில் ஏற்றி, "துரதிர்ஷ்ட தெய்வம்" என்று ஒற்றை வரியில் முடிப்பது அநியாயம்.

உலோகச் சிலை என்றால் உடனே "ஐம்பொன்" என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. ஆய்வு செய்த செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி செம்புதான், கூடவே வெள்ளீயமும் ஈயமும். தங்கம் வெள்ளி இருந்தாலும் துளிதான். "செப்புத் திருமேனி" என்றால் பிழையில்லை, கள்ளனுக்கும் ஆசை காட்டாது.

வரலாற்றைக் கலந்து கட்டி அடிப்பது வேலூருக்கே உரிய வியாதி. இலங்கையில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் தந்தச் சதுரங்கம் வேலூர் அருங்காட்சியகத்தில் காட்சியில் உண்டு. அதன் முன்னால் நின்றுகொண்டு, திப்புவின் பிள்ளைகளோடு அவர் ஆடியிருப்பார் என்று ஒருவர் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திப்பு சுல்தானின் பிள்ளைகளும் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், ஆனால் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி முடிந்ததும் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி மன்னர் பிடிபட்டதே 1815இல்தான், அதற்குப் பிறகு இங்கே வந்து 1832இல் இறந்தார். ஒரே கோட்டை, ஆனால் சந்திப்பே இல்லை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குப் போவதாகச் சொல்லும் சுரங்கப்பாதையும் இந்த வகைதான். தேடியவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. கதையை விட மனமில்லை என்றால் "ஊரில் சொல்வார்கள்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், போதும்.

படம் எடுக்கும்போது கண்ணாடியில் நம் வயிறு தெரிவது சின்னத் தவறு. பெரிய தவறு, படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது. முன்பக்கக் கேமரா பல நேரம் தானாகவே திருப்பிவிடும். நடராஜர் தூக்குவது இடது கால். படம் திரும்பினால் அவர் மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவர் ஆகிவிடுவார், விஷ்ணுவின் சங்கும் சக்கரமும் கை மாறிவிடும். கல்வெட்டு எழுத்துக்கு நேர் வெளிச்சம் எதிரி, பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணக்கட்டி, எண்ணெய், விபூதி எதையும் தேய்க்காதீர்கள். எழுத்தை மை தடவித் தாளில் ஒற்றும் மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

கடைசியாக, இடம். அருங்காட்சியகத்துக்கு வராமல் வயல் வரப்பில், இடிந்த கோயிலில் காவலின்றிக் கிடக்கும் சிலைகளையும் நாம் எழுதுகிறோம். எந்த வேப்பமரத்துக்கு எந்தப் பக்கம் என்று வழி போட்டு, கூகுள் மேப் புள்ளியும் வைத்துவிடுகிறோம். அதை ரசிகர் மட்டும் படிப்பதில்லை. அதற்காகப் படமே எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடு போன நடராஜர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து 2014இல் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் பெரிய சான்று. எனவே முன்னும் பின்னும், பீடம், உடைந்த விரல் வரை படம் எடுங்கள். தேதி போட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ கொடுங்கள். மற்றவர்களுக்கு எழுதும்போது வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.