பழி பனிக்கு, சாவு ஈரத்தால்: குளிர்காலத்தில் வீட்டுக்கோழிக்குச் செய்யும் தவறுகள்

மார்கழியில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "பனி ஒத்துக்கல" என்பதுதான். உடனே மிளகையும் சின்ன வெங்காயத்தையும் தட்டி வாயில் திணிப்பார்கள், கூட்டைச் சாக்குப் போட்டு மூடுவார்கள். வளர்ந்த நாட்டுக்கோழிக்குச் சமவெளியின் மார்கழிக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. இறகை உப்பிக்கொண்டு ராத்திரியை ஓட்டிவிடும். அதற்குத் தாங்காதது ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தரையில் பெருகிய குடற்புழுவும், ரத்தக்கழிச்சல் கிருமியும், மேலே ஒட்டிய பேனும் செள்ளும் சேர்ந்துதான் பெரும்பாலும் கோழியைச் சாய்க்கின்றன.

அதனால் கையில் எடுத்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான் தலையாய தவறு. கோழியை மல்லாத்திப் பிடித்து, எச்சமிடும் துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் உப்பை அப்பி வைத்தாற்போல் வெள்ளைக் கொத்து இருந்தால் அது பேன் முட்டை. அந்த இடத்து இறகு கறுத்துப் பிசுபிசுத்து, பிடித்த கையில் பொடியாக ஏதோ ஊர்ந்தால் செள். தீவனம் எடுத்தும் நெஞ்சில் சதை வற்றி எலும்பு துருத்தினால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். உறிஞ்சுவது உள்ளேயா வெளியேயா என்று தேட வேண்டும்.

வெளியே உறிஞ்சுவதிலும் ஒரு சூது உண்டு. சிவப்புச் செள்ளும் கோழி உண்ணியும் பகலில் கோழி மேல் இருப்பது அபூர்வம். கூட்டின் மர இடுக்கு, சுவர் வெடிப்பு, கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கம் என்று ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். ராத்திரி டார்ச் அடித்துக் கட்டையின் அடியைப் பார்த்தால் தெரியும். இவை பல மாதம் பட்டினி கிடந்தும் பிழைக்கும். கோழிக்கு மட்டும் மருந்து போட்டுக் கூட்டை விட்டால் பலன் இல்லை. கட்டையைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளில் மருந்தடித்து, சுண்ணாம்பு பூச வேண்டும்.

பேன் மருந்தை ஒரு தடவையோடு நிறுத்துவதும் வழக்கமான பிழை. மருந்து பேனைக் கொல்லும், முட்டையைத் தொடாது. பத்து நாள் கழித்து, பொரித்தவை முட்டையிடும் முன் மறுபடி போட வேண்டும். மருந்துத் தண்ணீரில் முக்குவதாக இருந்தால் நல்ல வெயில் உள்ள நாளில், முற்பகலில். சாயங்காலம் முக்கிய கோழி ஈர இறகோடு அடையும். அன்று குளிர் நிஜமாகவே கொல்லும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ எறும்புச் சாக்பீஸையோ தொடவே வேண்டாம். கோழி அலகால் இறகைக் கோதும்போது அதெல்லாம் நேராக வயிற்றுக்குள் போகும், முட்டையிலும் வரும். காலில் செதில் தூக்கிப் பொருக்குப் பிடித்தால் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கமும் அப்படித்தான், தோலை வேக வைத்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுங்கள். செதிலுக்கு அடியில் இருக்கும் செள் மூச்சு முட்டிச் சாகும். சில வாரம் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

இனி உள்ளே. ரத்தம் கலந்து கழிந்தால் புழு மருந்து கொடுத்துவிடுகிறார்கள். ரத்தக்கழிச்சல் புழுவால் வருவதில்லை. குடல் சுவரைத் துளைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. அதன் முட்டை ஈரமான கூளத்தில் ஓரிரு நாளிலேயே நோய் பரப்பத் தயாராகிவிடும். அல்பெண்டசோல் போன்ற புழு மருந்துக்கு இது அடங்காது. கால்நடை மருத்துவர் பெரும்பாலும் ஆம்ப்ரோலியம் எழுதுவார். இங்கேதான் நல்லெண்ணத்தில் ஒரு தவறு நடக்கிறது: கோழி தளர்ந்திருக்கிறதே என்று கூடவே பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் தண்ணீரில் கலப்பது. ஆம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. நீங்கள் அதே பி1-ஐ ஊட்டினால் மருந்தின் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. டானிக்கை மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

புழு மருந்தை நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கலந்து வைப்பதும் சரிவராது. பல மருந்துகள் அடியில் தங்கிவிடும், நோயாளிக் கோழி குடிக்கவும் குடிக்காது. எடைக்கேற்ற அளவை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குஞ்சுகள் விஷயத்தில் மட்டும் குளிரைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். இப்போது கடையில் குண்டு பல்பு கிடைக்காமல் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, "லைட் எரியுது, அப்புறம் ஏன் சாகுது" என்று கேட்கிறார்கள். எல்.இ.டி.யில் வெளிச்சம் மட்டும்தான். குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, விலகிப்போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் இது போதும்.

பெரிய கோழியின் கூட்டைத் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தை மறைத்து, கூரைக்குக் கீழே காற்றுப் போக வழி விடுங்கள். காலையில் கூட்டைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து மூச்சிழுத்துப் பாருங்கள். அமோனியா நெடி மூக்கில் ஏறினால் ராத்திரி முழுக்கக் கோழி அதைத்தான் சுவாசித்திருக்கிறது. சளி வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை.

கொண்டையில் கறுப்புப் பொருக்கு கண்டால் அதுவும் பனி இல்லை. சமவெளியில் அது பெரும்பாலும் கொசு பரப்பும் அம்மை. பொருக்கை உரிக்காதீர்கள், கிருமி அதிலேயே இருக்கிறது. உதகை, அவலாஞ்சி போல உறைபனி விழும் இடத்தில் பெரிய கொண்டைச் சேவலுக்கு நுனி வெளுத்து, பிறகு கறுப்பது நிஜப் பனிக்காயமாக இருக்கலாம், அதுவும் கூட்டுக்குள் ஈரம் தேங்கினால் சீக்கிரம் வரும். அதைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது. உணர்ச்சி செத்த இடம் வெந்தாலும் கோழிக்குத் தெரியாது. கறுத்த நுனியை வெட்டவும் வேண்டாம், தானே உதிரும்.

பிப்ரவரியில் தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோய்க்கு இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும். புழுவோடு இருக்கும் கோழிக்கு ஊசி சரியாகப் பிடிக்காது. முகாம் தேதி தெரிந்ததும் ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்தைக் கொடுத்து, கூளத்தை அள்ளி மாற்றிவிடுங்கள்.