‘படு’வைப் பிடித்தால் பாசிவ் வாய்ஸ் வரும்

கம்பத்தில் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள், விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எங்கள் முதல் வாக்கியம் எப்போதும் இதுதான்: ‘ஒர்க்கர்ஸ் பிக் கார்டமம்.’ தொழிலாளர்கள் ஏலக்காய் பறிக்கிறார்கள். இதைப் பாசிவ் வாய்ஸுக்கு, அதாவது ‘ஏலக்காய் பறிக்கப்படுகிறது’ என்பது போன்ற செயப்பாட்டு வினைக்கு மாற்றிப் பார்ப்போம்.

முதலில் வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது ‘பிக்’. எதைப் பறிக்கிறார்கள் என்று கேளுங்கள். கார்டமம். அதுதான் செயப்படுபொருள். ‘எதை, யாரை’ என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் மேலே போக வேண்டாம். ‘த ஜீப் கோஸ் டு குமுளி’ என்பதற்குப் பாசிவ் கிடையாது.

அடுத்து, செயப்படுபொருளை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவாருங்கள். ‘மீ’ இருந்தால் ‘ஐ’ ஆகும், ‘ஹிம்’ இருந்தால் ‘ஹி’ ஆகும்.

மூன்றாவது படியில், வினையை மாற்றும்போதுதான், பிள்ளைகள் திணறுகிறார்கள். அட்டவணையை உருப்போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழையே துணைக்கு அழைக்கிறேன். பறிக்கப்படுகிறது, பறிக்கப்பட்டது, பறிக்கப்படும். மூன்றிலும் ‘பறிக்க’ அப்படியே இருக்கிறது. காலம் காட்டுவது ‘படு’. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: ‘இஸ் பிக்ட்’, ‘வாஸ் பிக்ட்’, ‘வில் பி பிக்ட்’. ‘பிக்ட்’ என்பது வினையின் மூன்றாம் வடிவம், அது மாறாது. நம் ‘படு’ செய்யும் வேலையை அங்கே ‘பி’ வினை (இஸ், வாஸ், வில் பி) செய்கிறது.

இரண்டு பிழைகளை அடிக்கடி திருத்துகிறேன். ஒன்று, ‘கார்டமம் ஆர் பிக்ட்’. பழைய எழுவாயான ‘ஒர்க்கர்ஸ்’ பன்மை என்பது மனத்தில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. இப்போது எழுவாய் ‘கார்டமம்’, அது ஒருமை, ஆகவே ‘இஸ்’. மற்றொன்று, ‘த லெட்டர் வாஸ் ரோட்’. ‘பிக்’ போன்ற சொற்களில் இரண்டாம், மூன்றாம் வடிவங்கள் ஒன்றேயாதலால் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. ‘ரைட்’ வந்ததும் அகப்பட்டுவிடும். ‘வாஸ் ரிட்டன்’ என்பதே சரி.

கடைசியாக ‘பை’. இது நம் ‘ஆல்’ உருபு: ‘கார்டமம் இஸ் பிக்ட் பை ஒர்க்கர்ஸ்.’ செய்தவர் யார் என்பது முக்கியமில்லை என்றால் விட்டுவிடலாம். ‘த டாம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1895’ என்றாலே முல்லைப் பெரியாறு அணை பற்றிய செய்தி முழுமையாகிவிடுகிறது. ஆனால் ‘பென்னிகுவிக் பில்ட் த டாம்’ என்று கொடுத்தால், ‘த டாம் வாஸ் பில்ட் பை பென்னிகுவிக்’ என்றுதான் எழுத வேண்டும். அந்தத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரை விட யாருக்கும் மனம் வராது.

இப்போது நீங்களே ஒன்றை மாற்றுங்கள்: ‘த பாய்ஸ் ஆர் வாஷிங் த ஜீப்.’ விடை, ‘த ஜீப் இஸ் பீயிங் வாஷ்ட் பை த பாய்ஸ்.’ ‘ஆர்’ ஏன் ‘இஸ்’ ஆனது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.