வீடு விற்க முன் நிலத்தை (தரையை) மாற்றுவதா? தெஹிவளை வீட்டில் நான் கற்றது

போன வருடம் தெஹிவளையில் இருந்த அம்மாவின் வீட்டை விற்றோம். விளம்பரம் போட முன்பே வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம். நிலம் முழுக்க டைல்ஸ் பதித்தால்தான் நல்ல விலை வரும் என்றான் தம்பி. வாங்குகிறவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றட்டும், நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்றார் அம்மா. கடைசியில் ஹோலுக்கு மட்டும் டைல்ஸ் பதித்தோம். டைல்ஸ் பதிக்க முன் வந்து பார்த்த ஒருவர் சொன்ன விலைக்கும் நாங்கள் விற்ற விலைக்கும் இருந்த வித்தியாசம், அந்த வேலைக்குக் கொடுத்த காசைக்கூட மூடவில்லை. அந்தப் பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வாங்க வருகிறவர் எதை வாங்குகிறார்?

கொழும்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய தனி வீடு என்றால் புரோக்கர் வாயைத் திறந்ததும் "எத்தனை பேர்ச்?" என்றுதான் கேட்பார். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. அங்கே பலர் வாங்குவது காணியை. வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுவார்கள். வருகிறவர் குசினிக்குள் எட்டிப் பார்க்காமல், வீதியின் அகலத்தையும் நில அளவைப் படத்தையும் மட்டும் கேட்கிறார் என்றால் நிலத்துக்கு ஒரு சதம்கூடச் செலவழிக்காதீர்கள். அந்தக் காசில் உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதி அகலிப்புக்குக் காணி போகுமா என்று காட்டுவது) எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வையுங்கள்.

குடும்பமாக வந்து, அறை அறையாக நின்று, கட்டில் எங்கே போடலாம் என்று பேசுகிறார்கள் என்றால் அவர்கள் வீட்டையே வாங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் மீதிப் படிகள்.

படி 2: தட்டிப் பாருங்கள்

ஏற்கெனவே டைல்ஸ் இருந்தால் ஒரு 10 ரூபாய்க் குற்றியை எடுத்து ஒவ்வொரு டைலிலும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டுங்கள். இறுகிப் பிடித்த டைல் 'டிக்' என்று சத்தம் போடும். அடியில் கலவை இல்லாத டைல் பானையைத் தட்டியது போலப் பொள்ளல் சத்தம் தரும். பொள்ளலில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போடுங்கள். ஒரு அறையில் ஏழெட்டு மட்டும் என்றால் அவற்றைக் கழற்றித் திரும்பப் பதிக்கலாம். கழற்றும்போது உடைந்தால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம். 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததற்கு முன் வாங்கிய வெளிநாட்டு டைல் என்றால் இன்னும் கஷ்டம். அலுமாரிக்குக் கீழே இருக்கிற நல்ல டைலைக் கழற்றி வெளியே தெரிகிற இடத்தில் போடுங்கள். புது டைல் அலுமாரிக்குக் கீழே போகட்டும்.

படி 3: ஈரம் பார்ப்பது

சுமார் 18 அங்குலச் சதுரமான தடித்த பொலித்தீனை நிலத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் கீழேயிருந்து வருகிறது. அதற்கு மேல் எதைப் பதித்தாலும் பிரச்சினைதான். வைனில் விரித்து மறைக்கவும் வேண்டாம். வாங்குகிறவர் ஒரு மழைக்காலத்தில் கண்டுபிடித்துவிடுவார், அது நியாயமும் இல்லை.

படி 4: சிவப்பு நிலம் என்றால் கொத்த விடாதீர்கள்

நான் பிழை விட்ட இடம் இதுதான், கவனமாக வாசியுங்கள்.

எங்கள் ஹோல் பழைய சிவப்புச் சீமெந்து நிலம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அம்மா பொலிஷ் பூசிவிட்டு, பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்து, இடுப்பில் கையூன்றிக்கொண்டு முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார். வாசல் வெளிச்சம் அதில் தண்ணீர் போலக் கிடக்கும். வயரிங் மாற்றியபோது வெட்டிய ஒரு கோடு மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதற்காகத்தான் டைல்ஸ் என்று முடிவெடுத்தோம்.

வருடக்கணக்காக மெழுகு பொலிஷ் குடித்த நிலத்தில் டைல் பசை பிடிக்காது. அதனால் மேசன் பாஸ் முழு ஹோலையும் உளியால் கொத்தினார். கொத்திய பிறகு பழைய நிலம் திரும்ப வராது. அந்த ஒரு கோட்டை ஒழுங்காக வெட்டி, சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்தால் நிரப்பித் தேய்த்திருந்தால் போதும். அறைகளில் மிஞ்சியிருந்த சிவப்பு நிலத்தைத்தான் வாங்க வந்த அக்கா குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

டெராசோ நிலத்துக்கும் (சீமெந்தில் மாபிள் துண்டுகள் கலந்து தேய்த்த நிலம்) இதே கதைதான். கல் மெஷினால் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற ஆளைப் பிடியுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கிற மாபிள் துண்டுகளை ஆசிட் அரித்துவிடும்.

படி 5: பதித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் கதவு

டைல் சுமார் 9 மில்லிமீற்றர், பசை 4 முதல் 6 வரை. ஆக நிலம் அரை அங்குலத்துக்கு மேல் உயரும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்த மாலை முன்கதவு உள்ளே திறக்கவில்லை. தச்சர் வந்து தேக்குக் கதவைக் கழற்றி அடியைச் சீவினார், ஓரத்தில் பொலிஷ் பெயர்ந்தது. ஹோலுக்கும் அறைக்கும் இடையில் ஒரு சின்னப் படியும் வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் அதில் காலை வைத்துத் தடவிப் பார்த்தார்கள்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: ஒரு மாதிரி டைலையும் அதற்கு அடியில் மடித்த காட்போட்டையும் வைத்து, ஒவ்வொரு கதவையும் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால் டைல்ஸ் வாங்க முன்பே தச்சரிடம் பேசுங்கள்.

சாமான் விஷயத்தில் என் அபிப்பிராயம்: 2 அடிக்கு 2 அடி, மங்கலான வெள்ளை அல்லது மணல் நிறம் போதும், மினுங்குகிற டைல் வேண்டாம். பசையைப் பல்லுள்ள கரண்டியால்தான் இழுக்க வேண்டும். ஐந்து உருண்டை வைத்து அமத்துகிற பாஸை நிறுத்துங்கள், பொள்ளல் அங்கேதான் பிறக்கிறது. வெட்டில் போவதற்கு 10 வீதம் கூட்டி, ஒரே பெட்ச் இலக்கமுள்ள பெட்டிகளாக வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி விலை கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காசு குறைவு என்றால் டைல்களுக்கு இடையில் நிரப்புகிற கிரௌட்டை மட்டும் சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். பழைய டைலுக்கு அது தருகிற வித்தியாசத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

பிற்சேர்க்கை: வெள்ளவத்தையில் பிளட் விற்கிற ஒரு வாசகி, இதெல்லாம் பிளட்டுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தார். பிளட்டில் காணிக் கணக்கு இல்லை, உள்பக்கத்தைத்தான் வாங்குகிறார்கள், அதனால் நிலம் உண்மையிலேயே முக்கியம். ஆனால் பாத்ரூம் நிலத்தைக் கொத்த வேண்டாம். கீழே இருக்கிற நீர்க்காப்புப் படை உடைந்தால் கீழ் வீட்டுச் சீலிங்கில் ஒழுகும், விற்பனை நடுவில் நின்றுவிடும். ஹோலில் வேலை தொடங்க முன் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எந்த நேரத்தில் உடைக்கலாம், கழிவை எந்த லிஃப்டில் இறக்கலாம் என்றும் கேட்டு வையுங்கள்.