கஜானா சாவிய எந்தக் கட்சிகிட்ட குடுக்கலாம்? நீங்களே கணக்கு பாத்து முடிவு பண்றது எப்படி

தேர்தல் வந்தா எங்க தெருவுல ரெண்டே பேச்சுதான், இவங்க தமிழ்நாட்டையே கடன்ல முக்கிட்டாங்கன்னு ஒருத்தர், அவங்க வச்சுட்டுப் போன கடனத்தான் இவங்க கட்டிட்டிருக்காங்கன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் ஆளுக்கொரு நம்பர் சொல்றாங்க, பாதி நேரம் ரெண்டு நம்பருமே சரியாத்தான் இருக்கு. 2001ல அதிமுக ஆட்சிக்கு வந்ததும் அரசோட நிதி நிலைமைய விளக்குற வெள்ளை அறிக்கை போட்டாங்க, 2021 ஆகஸ்ட்ல திமுக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஒண்ணு போட்டார், ரெண்டும் போன ஆட்சியத்தான் குத்தம் சொல்லுச்சு. அதனால அவங்க சொல்றத விட்டுட்டு நாமளே பாத்துக்கணும், அது ஒண்ணும் பெரிய கம்பசூத்திரம் இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும்.

மொதல்ல, மொத்தக் கடன் நம்பர பாத்து பயந்துடாதீங்க. 2021 மார்ச் கடைசில 4.85 லட்சம் கோடி, 2026 மார்ச்ல சுமார் 9.3 லட்சம் கோடி ஆயிடும்னு 2025-26 பட்ஜெட்லயே போட்டிருக்கு. கேட்டா பகீர்னுதான் இருக்கும், ஆனா இந்த அஞ்சு வருஷத்துல மாநில பொருளாதாரமும் வளந்திருக்கு, அதோட ஒப்பிட்டா கடன் 26 சதவீதம் கிட்டதான். வீடு கட்ட வாங்குன லோனும் மளிகைக்கடை பாக்கியும் ஒண்ணா? எதுக்கு வாங்குனாங்கன்னு பாக்கணும்ல.

அத காட்டுறது பட்ஜெட்ல வருவாய் பற்றாக்குறைங்கற ஒரே ஒரு நம்பர். சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு அன்னாட செலவுக்கு அரசுக்கு வர்ற வருமானம் பத்தாம எவ்வளவு கடன் வாங்குறாங்கன்னு அது சொல்லும். இது ஜீரோவா இருக்கணும்னு 2003ல ஜெயலலிதா ஆட்சில நிதிப் பொறுப்புச் சட்டமே போட்டாங்க. 2005-06ல உபரி வந்துச்சு, அப்புறம் கருணாநிதி ஆட்சிலயும் மூணு வருஷம் உபரி, நடுவுல ரெண்டு வருஷம் விழுந்து மறுபடி 2011-12, 2012-13ல உபரி. 2013-14லருந்து ரெண்டு கட்சி ஆட்சிலயும் பற்றாக்குறைதான், எப்போக்குள்ள ஜீரோ ஆக்கணும்னு சட்டத்துல இருந்த கெடுவத்தான் தள்ளிப்போட்டுட்டே வந்தாங்க. அதனால கட்சிக்கொடி கலர வச்சு இதுக்கு பதில் சொல்லவே முடியாது, ரெண்டு கட்சியும் ஒரு காலத்துல ஒழுங்கா செஞ்சிருக்கு, ரெண்டுமே அப்புறம் கைய விட்டிருக்கு.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. நிதித்துறை வெப்சைட்ல பட்ஜெட் சுருக்கம் இருக்கும், டவுன்லோட் பண்ணுங்க. ஒவ்வொரு வருஷத்துக்கும் மூணு நம்பர் வரும், பட்ஜெட் மதிப்பீடு, அப்புறம் திருத்திய மதிப்பீடு, கடைசியா உண்மைக் கணக்கு. டிவில தலைப்புச் செய்தி ஆகுறது முதல் ரெண்டும்தான், மூணாவது ஒரு வருஷம் கழிச்சு சத்தமில்லாம வரும். 2022-23 எடுத்துக்கோங்க, பற்றாக்குறை 52,781 கோடின்னு ஆரம்பிச்சு 30,476 கோடியா கொறச்சுட்டோம்னு 2023 மார்ச்ல சொன்னாங்க, எல்லாரும் பாராட்டுனாங்க, நானும்தான், கடைசில உண்மைக் கணக்கு 36,215 கோடி. கொறஞ்சது நெஜம், ஆனா சொன்ன அளவுக்கு இல்ல. அடுத்த வருஷம் 37,540 கோடிதான்னு சொல்லி 45,000 கோடிய தாண்டிடுச்சு. ஒரு பத்து வருஷத்துக்கு இந்த மூணு நம்பரையும் ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க, யாரு சொன்னத செய்றாங்க யாரு ஆசைக்கு எழுதுறாங்கன்னு தெரிஞ்சிடும்.

அப்புறம் மின்வாரியம். இத யாரும் பாக்கறதே இல்ல, ஆனா ஓட்டை பாதி இங்கதான் இருக்கு. வாரியத்தோட கடன் மாநில கடன்ல சேராது, அது திணறும்போது அரசுதான் காசு கொட்டணும். 2017ல, மின்வாரியக் கடன மாநில அரசுங்க ஏத்துக்கற மத்திய அரசோட உதய் திட்டத்துல சேந்தப்ப 22,815 கோடி கடன ஒரே அடியா அரசு தலைல ஏத்திக்கிச்சு. பல வருஷம் கட்டணத்த ஏத்தாம ஓட்டிட்டு 2022 செப்டம்பர்ல ஏத்துனப்ப நம்ம எல்லாருக்கும் கோவம் வந்துச்சு, ஆனா ஏத்தாம விட்ட வருஷங்களுக்கும் நாமதானே வட்டி கட்டுறோம்? பட்ஜெட் நல்லாருக்கேன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி வாரியத்தோட நஷ்டத்தையும் பாத்துடுங்க.

தேர்தல் அறிக்கைய படிக்கறப்ப பக்கத்துல கால்குலேட்டர் வச்சுக்கோங்க. எத்தன பேரு, மாசம் எவ்வளவு, பன்னெண்டு மாசம், அவ்வளவுதான் கணக்கு. 2021ல குடும்பத் தலைவிக்கு திமுக 1,000 சொன்னாங்க, அதிமுக 1,500 சொன்னாங்க. ரெண்டு கோடி குடும்பம்னு வச்சா வருஷத்துக்கு 24,000 கோடி, 36,000 கோடி. கடைசில தகுதி வச்சு 1.15 கோடி பேருக்கு குடுத்தப்ப 13,800 கோடி ஆச்சு. எங்க சித்தியும் அந்த ஆயிரத்த வாங்குறாங்க, அதுலதான் மாத்திரை வாங்குறாங்க, அந்தத் திட்டம் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். எனக்கு வேண்டியது என்னன்னா அறிக்கைல அந்த வாக்குறுதிக்குப் பக்கத்துலயே யாருக்கு கிடைக்கும், காசு எங்கருந்து வரும்னு எழுதியிருக்கணும், வரி ஏத்தப்போறியா, வேற செலவ கொறைக்கப்போறியா, கடனா? ஏற்கனவே வருவாய்ல அஞ்சுல ஒரு பங்கு வட்டிக்கே போகுது. இந்த ஒரு வரி எழுதற கட்சி எதுவா இருந்தாலும் என் கணக்குல அது ஒரு படி மேல.

ஆட்சிக்கு வந்தப்புறமும் விட்டுடாதீங்க, அரசுக் கணக்க சரிபாக்கற தலைமைக் கணக்குத் தணிக்கையரோட (சிஏஜி) வெப்சைட்ல மாநிலத்தோட மாசாந்திர வரவு செலவு வரும், பட்ஜெட்ல சொன்னதுல இதுவரைக்கும் எத்தன சதவீதம்னு அதுலயே போட்டிருப்பாங்க. வருஷக் கடைசி நெருங்கறப்போ மூலதனச் செலவு, அதாவது ரோடு பாலம் ஆஸ்பத்திரி கட்டுற காசு, எந்த அளவுல நிக்குதுன்னு அதுல பாருங்க, கை கடிச்சா மொதல்ல வெட்டுறது அதத்தான். ஓட்டு கேட்டு வேட்பாளர் உங்க தெருவுக்கு வரப்ப அந்தப் பக்கத்த போன்ல எடுத்துக் காட்டி இது ஏன் இப்படின்னு கேளுங்க.