சாய்ந்துகொண்டால் வேகம் வந்துவிடாது: டிரைக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதித்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளுக்கு ரிக்கம்பென்ட் டிரைக் என்று பெயர். பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இதை ஓட்டுவோர் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று இருக்கும். இந்த வகையை டேட்போல் என்கிறார்கள். முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டும் இருந்தால் அது டெல்டா. முதுகுவலி, மணிக்கட்டு வலி, சமநிலைத் தடுமாற்றம் என்று சாதாரண சைக்கிளைக் கைவிட்டவர்களில் பலர் இதற்கு மாறுகிறார்கள். நெடுந்தூரம் போகிறவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் புது டிரைக் ஒன்றின் விலை பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பவுண்டு. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு “சைக்கிளைவிட மெதுவாகப் போகிறது, முழங்காலும் வலிக்கிறது” என்று புலம்புகிறவர்களுக்கும் குறைவில்லை. அந்தப் புலம்பலில் பாதி தவறான எதிர்பார்ப்பால் வருவது. மீதி, டிரைக்கைச் சைக்கிள் மாதிரியே ஓட்டுவதால் வருவது.

யாரோ செய்த சாதனையை நம்பி வாங்குவது

சாய்ந்து ஓட்டினால் காற்று குறைவாகத் தடுக்கும், ஆகவே வேகம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். உதாரணங்களும் தயாராக இருக்கும். 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பேட்டில் மவுன்டன் என்ற ஊருக்கு அருகே கனடாக்காரர் டாட் ரைக்கர்ட் மணிக்கு 144 கி.மீ. வேகத்தைத் தாண்டினார், வெறும் கால் பலத்தில். அதற்கு வெகுகாலம் முன்பே, 1933இல், பிரான்சின் ஃபிரான்சிஸ் ஃபோர் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கி.மீ.க்கு மேல் ஓட்டி, 1914இல் ஆஸ்கர் எக் வைத்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கிவிட்டது.

எல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு வண்டிக்கும் சக்கரம் இரண்டுதான். ரைக்கர்ட் ஓட்டியது தலை முதல் கால் வரை கூட்டுக்குள் மூடிய வண்டி. கடையில் நிற்கும் டிரைக்கில் முன்னால் இரண்டு சக்கரங்கள் அகலமாக நிற்கின்றன, அவற்றைத் திருப்பும் கம்பிகள், பிரேக், மட்கார்ட் எல்லாம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பைத் தாழ்த்தியதில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை இவை தின்றுவிடும்.

டிரைக்கே சைக்கிளை வென்ற கதை ஒன்றும் இருக்கிறது, அதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடக்கே ஜான் ஓ குரோட்ஸ் வரை சுமார் 1,350 கி.மீ. ஆண்டி வில்கின்சன் 1990இல் சாதாரண சைக்கிளில் அந்தத் தூரத்தை 45 மணி நேரத்தில் கடந்தார். 1996இல் அதே மனிதர் விண்ட்சீட்டா என்ற டிரைக்கில் 41 மணி நேரத்தில் கடந்தார். அதை வடிவமைத்தவர் மைக் பரோஸ். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளின் மூல வடிவமைப்பும் இவருடையதுதான். வில்கின்சன் ஓட்டிய டிரைக்குக்குக் காற்றைக் கிழிக்கும் மேல்கூடு போட்டிருந்தார்கள். நான்கு மணி நேர லாபத்தில் அந்தக் கூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நெதர்லாந்தில் ‘வெலோமொபில்’ என்று முழுக்க மூடிய டிரைக்குகள் சாலையில் பறப்பதற்கும் அதே காரணம்தான்.

கூடு இல்லாத டிரைக்கில் எதை எதிர்பார்க்கலாம்? சமதரையில், அதே பலத்தோடு மிதித்தால், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஊர் சைக்கிளுக்கு அது ஈடாகவோ கொஞ்சம் முன்னாலோ போகும். வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரேஸ் சைக்கிளில் குனிந்து ஓட்டுபவரோடு போட்டி போட்டால் பெரும்பாலும் பின்தங்கும். எதிர்க்காற்று அடிக்கும் நாளிலும் நீண்ட இறக்கத்திலும் டிரைக்கின் கை ஓங்கும். காற்றை வெல்லத் தேவையான பலம் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறுகிறது. 20இலிருந்து 30 கி.மீ. வேகத்துக்குப் போனால் காற்றுக்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் பலம் வேண்டும். ஆகவே தாழ்ந்த உட்காரும் நிலையின் பயன் வேகமாகப் போகும்போதுதான் தெரியும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கடைக்குப் போய் வருபவருக்கு அது பெரிதாகத் தெரியாது. வேகத்துக்காக மட்டும் சாய்வு வண்டி வேண்டும் என்பவருக்கு என் பதில், தாழ்வான இரண்டு சக்கர வண்டியைப் பாருங்கள் என்பதுதான்.

ஏற்றத்தில் கியர் இல்லாமல் மாட்டிக்கொள்வது

ரேஸ் சைக்கிள் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். டிரைக் சாதாரணமாக 15இலிருந்து 20 கிலோ, மடக்கும் வகையும் ஸ்பிரிங் வைத்த வகையும் இன்னும் கூட. எட்டு கிலோ அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற, அந்த எட்டு கிலோவுக்கு மட்டும் சுமார் 11 வாட் கூடுதலாக வேண்டும். சாதாரண உடல்வாகு உள்ளவருக்கு இது மொத்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வலிக்கும், ஆனால் ஆளைக் கொல்லாது. சைக்கிளில் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் போடலாம். டிரைக்கில் அதற்கு வழியில்லை. அங்கேதான் பின்தங்குகிறோம்.

பதிலுக்கு டிரைக் ஒரு சலுகை தருகிறது, அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழாது. சைக்கிளில் வேகம் நடைவேகத்துக்குக் குறைந்தால் தள்ளாட்டம் வந்துவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். டிரைக்கில் நான்கு கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்காமல் ஏறலாம், நடுவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப மிதிக்கலாம். பிரிட்டனின் மரியா லெயர்ஸ்டாம் 2013 டிசம்பரில் தென்துருவத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போனபோது தேர்ந்தெடுத்தது கார்ன்வாலில் தயாரான டிரைக். பனிக்காற்று தள்ளினாலும் கவிழாது, செங்குத்தான பனிச்சரிவிலும் ஊர்ந்து ஏறலாம் என்பதுதான் கணக்கு.

அதற்குச் சின்ன கியர் வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக நகர்கிற அளவுக்கு ஒரு கியர் கட்டாயம் இருக்க வேண்டும். பின்சக்கரம் 20 அங்குலமா 26 அங்குலமா என்பதைப் பொறுத்து அதே பல்சக்கரம் வேறு கணக்குத் தரும். விற்பவர் “முப்பது கியர் சார்” என்று சொன்னால் மயங்க வேண்டாம். கடைசிச் சின்ன கியர் எவ்வளவு சின்னது என்று கேளுங்கள்.

முழங்காலை அழுத்திக் கெடுப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்கும்போது நம் எடைக்கு மேல் அழுத்த முயன்றால் உடம்பு சீட்டிலிருந்து மேலே எழும்பிவிடும். அதுவே ஒரு காவல். டிரைக்கில் முதுகுக்குப் பின்னால் சாய்மானம் உறுதியாக நிற்கிறது. பெரிய கியரில் போட்டுவிட்டுச் சாய்மானத்தில் முட்டுக்கொடுத்து அழுத்தினால், எடையைத் தாண்டிய விசை முழங்காலில் இறங்கும். அந்த நேரத்தில் நல்ல பலம் வந்ததுபோல் சுகமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் படி ஏறும்போது தெரியும்.

சின்ன கியரில் வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று என்பது நல்ல இலக்கு. தொடக்கத்தில் தொடையும் பிட்டமும் சீக்கிரம் சோர்ந்துபோகும், ஏனென்றால் சைக்கிளில் பழகிய தசைகளை இங்கே வேறு கோணத்தில் வேலை வாங்குகிறோம். உடம்பு பழகச் சில வாரம் ஆகும். முதல் வாரத்து வேகத்தை வைத்து வண்டியை எடை போடுவதும் ஒரு தவறுதான்.

அடுத்தது அளவு. சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்குகிறோம். டிரைக்கில் பெரும்பாலும் சீட் நகராது, பெடலைத் தாங்கும் முன்குழாயை உள்ளே வெளியே தள்ள வேண்டும். இதை பூம் என்கிறார்கள். சாய்மானத்தில் இடுப்பு நன்றாகப் பதிய உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்தால் தூரமான நிலையில் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. பூம் குட்டையாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நீளமாக இருந்தால் முழங்காலின் பின்பக்கமும் குதிகால் நரம்பும் இழுக்கும். பூமை அதிகமாக நகர்த்தினால் செயினின் நீளத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்து, கியர் சிக்கியதும் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. டிரைக்கின் செயின் சாதாரணச் செயின் இரண்டரை, மூன்றை இணைத்த நீளம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. டிரைக்கில் காலைப் பெடலோடு பிணைக்காமல் ஓட்டாதீர்கள். மேடு பள்ளத்தில் பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கும், கால் முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டுக்கு அடியில் பின்பக்கமாக இழுபடும். கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும் முறியக்கூடிய விபத்து இது. பூட்டும் ஷூ பிடிக்காவிட்டால் குதிகாலைத் தாங்கும் கப்பும் பட்டையும் வைத்த பெடல் கிடைக்கிறது. வண்டி தானே விழாது என்பதால் கால் பூட்டியிருப்பது பற்றிச் சைக்கிளில் வரும் பயம் இங்கே தேவையில்லை.

சுகம் தானாக வரும் என்று நினைப்பது

கைக்கும் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் டிரைக் தரும் நிம்மதி உண்மையானது. நாள் முழுக்க ஓட்டினாலும் உள்ளங்கை மரத்துப்போகாது, சீட்டு உறுத்தாது. ஆனால் புதிய இடங்களில் வலி வரும். நிமிர்ந்த சீட்டில் எடை முழுவதும் பிட்டத்தில் இறங்கி அங்கே எரிச்சல் வரலாம். மிகவும் படுத்த சீட்டில் தலையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், கழுத்துத் தாங்கி இல்லையென்றால் சைக்கிளில் விட்ட கழுத்துவலி இங்கே பிடித்துக்கொள்ளும். கால்கள் உயரத்தில் இருப்பதால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். ஷூவின் பூட்டைச் சற்றே குதிகால் பக்கம் நகர்த்துவதும், ஷூவைத் தளர்வாகக் கட்டுவதும் பலருக்கு உதவும். வெயில் நேரே முகத்தில் அடிக்கும், மழை மடியில் கொட்டும். முதுகில் பை மாட்ட முடியாது.

பள்ளங்களிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரே தடம், பள்ளத்தை ஒதுக்கிவிடலாம். டேட்போல் டிரைக்கில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பள்ளத்தை விட்டுவிட்டதாக நிம்மதி அடையும்போது, நடுவில் வரும் பின்சக்கரம் அதே பள்ளத்தில் இறங்கி முதுகெலும்பை ஆட்டிவிடும். சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாகவும் இறங்கும். மோசமான சாலைகளில் ஓட்டுபவர் அகலமான டயர் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்து வைக்கலாம், அல்லது பின்சக்கரத்துக்காவது ஸ்பிரிங் உள்ள வண்டியாகப் பார்க்கலாம். நம் ஊருக்கு இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் தெருவில் அளவில்லாமல் போட்ட வேகத்தடைகளை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்பது நல்லது.

மூட்டுவலிக்காகவே வாங்குபவர்கள் சீட்டின் உயரத்தை விட்டுவிடுகிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் சீட்டிலிருந்து எழுந்திருக்கச் சிலருக்கு இரண்டு ஆள் வேண்டும். அவர்களுக்கு உயரமான சீட் உள்ள டெல்டா வகை பொருந்தும். வேகம் கொஞ்சம் போனால் போகட்டும்.

திருப்பம், பிரேக், சக்கரக் கோணம்

மூன்று சக்கரம் இருந்தால் கவிழாது என்பது பாதி உண்மை. சைக்கிள் திருப்பத்தில் தானே சாய்கிறது, டிரைக் சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பைத் திருப்பத்தின் உள்பக்கம் நன்றாகச் சாய்க்க வேண்டும். பல டிரைக்குகளில் இடது கைப் பிரேக் இடது சக்கரத்துக்கும், வலது கைப் பிரேக் வலது சக்கரத்துக்கும் போகிறது. ஒன்றை மட்டும் இறுக்கினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கலாம், இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள்.

டிரைக் காரணமே இல்லாமல் மெதுவாகப் போகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது முன்சக்கரங்கள் இணையாக நிற்கின்றனவா என்பதை. ஒரு சக்கரம் ஒரே ஒரு டிகிரி விலகியிருந்தால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது என்று கணக்கு. பலமும் வீண், டயரும் சீக்கிரம் தேயும். அச்சின் உயரத்தில், இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை முன்விளிம்பில் ஒருமுறை, பின்விளிம்பில் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டும் சமமாகவோ, முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருந்தால் சரி. வண்டி எதிலாவது மோதினால் மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம், சாலையில் தாழ்வாகப் போகிறவருக்குக் கொடிக்கம்பம், பகலிலும் எரியும் விளக்கு, இருபுறமும் கண்ணாடி மூன்றும் தேவை. சாய்ந்த நிலையில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது கடினம். வண்டியின் அகலம் 70இலிருந்து 85 சென்டிமீட்டர் வரை வரும். பிரிட்டனின் சைக்கிள் பாதைகளில் மோட்டார் பைக்கைத் தடுக்க வைத்த குறுக்குக் கம்பிகளில் டிரைக்குகள் சிக்கி நிற்பது வழக்கமான தொல்லை, உங்கள் வீட்டு வாசற்கதவிலும் அது நடக்கலாம். அளவு நாடாவோடு போய், தினமும் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒரு ஏற்றமாவது இருக்கும் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள்.