பாம்பன் மீன், கீழக்கரை தொதல்: ஒரு குட்டிக் கேமராவைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

கடையில் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று எடுத்துப் பார்க்கிற படத்தை நம்பி கேமரா வாங்காதீர்கள். ஏசி அறை, ஒரே சீரான வெளிச்சம், எதிரே அசையாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற விற்பனைத் தம்பி. அங்கே எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். ஊர் சுற்றவும் சாப்பாட்டைப் படம் பிடிக்கவும் சட்டைப் பையில் அடங்குகிற கேமரா ஒன்று வேண்டும் என்று நினைத்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன் அதை வாடகைக்கோ இரவலாகவோ ஒரு நாள் வாங்கிக்கொண்டு எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வாருங்கள். கண்ணைக் கூசவைக்கிற மணல், உப்புக் காற்று, தார்ப்பாய்க் கொட்டகைச் சாப்பாடு, ராத்திரி டீக்கடை விளக்கு என்று கேமராவைத் திணறடிக்கிற சமாச்சாரம் அத்தனையும் இங்கே ஒரே நாளில் கிடைத்துவிடும்.

நான் சோதித்தது மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த, ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லு) உள்ள கேமரா. "ரெண்டு நாள் வச்சுக்க மாப்ளே, மண்ணு மட்டும் படாமப் பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு அங்குலம் என்பது பெயரில்தான். அந்த சென்சாரின் உண்மையான அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய டிவி கேமராக் குழாய்களின் காலத்துக் கணக்கு அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 எல்லாம் இந்த ரகம். ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை ஆகியவற்றில் சென்சார் பெரியது, ஆனால் ஜூம் கிடையாது. இதில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் கைக்கும் உங்கள் தட்டுக்கும் எது ஒத்துவருகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒரு நாள்.

முந்தின ராத்திரியே பேட்டரியைச் சார்ஜ் போட்டு, ரா (RAW) என்கிற பதப்படுத்தாத கோப்பும் வழக்கமான ஜேபெக் படமும் சேர்ந்து பதிவாகும்படி வைத்துவிடுங்கள். ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலுக்குக் கம்பெனியே சொல்கிற கணக்கு 260 படம், ஜிஆர் 3-க்கு 200தான். அதனால் இன்னொரு பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒரு விதியையும் வைத்துக்கொள்ளுங்கள்: கேமராவில் எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் அதே இடத்தில் நின்று உங்கள் போனிலும் எடுங்கள். சோம்பேறித்தனமாகத்தான் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் விளங்கும்.

விடியலுக்கு முன் பாம்பனில் இருங்கள். படகு கரைக்கு வந்து, மீனைக் கூடையிலிருந்து தரையில் கொட்டுகிற நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, அப்போது வந்தால் நாட்டுப்படகு மீன் மட்டும்தான். கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நில்லுங்கள். கூடை சாயப்போகிறது என்று தெரிந்த நொடியில் எடுத்து, ஆன் செய்து, படம் பிடியுங்கள். மீன் தரையில் விழுந்து ஏலம் தொடங்கிய பிறகுதான் லென்ஸ் முழுதாக வெளியே வருகிறது என்றால் அந்தக் கேமரா பயணத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். அப்புறம் சீலா மீனின் வெள்ளிப் பளபளப்பைப் பாருங்கள். வெளிச்சம் ஏற ஏற அது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வெளுத்துப்போன இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டுகிற வசதி பெரும்பாலும் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு, மினுக்கல் நிற்கிற வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, குறையுங்கள். மீனை எடுங்கள், ஆட்களை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்தவர்களின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவது அசிங்கம்.

ஜூமைச் சோதிக்கப் பாலம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். அதன் இரும்புச் சட்டங்களை ஜூமின் கடைசி எல்லையில் எடுத்து, படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் லென்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பெட்டி வேண்டாம், வேறு கேளுங்கள். ரயிலில் வருபவர்கள் ஜன்னலிலிருந்து சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பனை மரங்களை எடுத்துப் பாருங்கள், பல கேமராக்களில் மரமெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் பனை நிமிர்ந்துவிடும்.

அங்கிருந்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் போன ஊர், இடிந்த சர்ச்சின் சுவர் இன்னும் நிற்கிறது. ஒரு பக்கம் அலை அடங்கின பெண் கடல், இன்னொரு பக்கம் அலை மோதுகிற ஆண் கடல், நடுவில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. பத்து மணிக்கு மேல் அந்த மணலைக் கேமராவின் ஆட்டோ மோடில் எடுத்தால் படம் மங்கலாக, சாம்பல் பூசினது மாதிரி வரும். எந்தக் காட்சியையும் நடுத்தர சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டு அளக்கிற புத்தி எல்லாக் கேமராவுக்கும் உண்டு. ஆகவே மணலுக்கு எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்ட வேண்டும். அதைக் கூட்டுகிற சக்கரம் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா, இல்லை மெனுவுக்குள் நாலு படி இறங்க வேண்டுமா என்பதை இங்கே பாருங்கள். வெயிலில் திரை கண்ணுக்கே தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லாத கேமராவில் நான் முக்கால்வாசிப் படத்தைக் குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன்.

இப்போது அந்த மண் விவகாரம். மூன்று வருஷத்துக்கு முன் என்னிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. ஆடி மாதம், கச்சான் காற்று மணலை அள்ளிச் சாலையின் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்த நேரம், நான் வீராப்பாக நின்று ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று விளையாடினேன். நீண்டு சுருங்குகிற லென்ஸ் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் தன்மேல் ஒட்டின மணலையும் இழுத்துக்கொள்ளும். நாலாவது தடவை 'கர்ர்' என்று ஒரு சத்தம், பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கிற இடத்தில் கேமரா விலையில் பாதியைக் கேட்டார்கள், மூடிவைத்துவிட்டேன். மச்சானுக்கு இந்தக் கதை தெரியும்.

எனவே காற்று அடித்தால் முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று, ஒருமுறை ஆன் செய்து, வேண்டியதை எல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒருமுறை மட்டும் அணையுங்கள். தானாக அணைகிற நேரத்தை மெனுவில் கூட்டி வையுங்கள். மற்ற நேரம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். கடலிலேயே இறங்கி விளையாடுகிற ஆள் என்றால் இந்த ரகமே வேண்டாம், ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி 15 மீட்டர் ஆழம் வரை தாங்குகிற ஒன்றைப் பாருங்கள். ராத்திரிப் படத்தில் கொஞ்சம் தோற்கும், ஆனால் வீட்டுக்கு உயிரோடு திரும்பும்.

மத்தியானம் கொட்டகையில் மீன் சாப்பாடு. இந்தச் சோதனையில்தான் நிறைய கேமரா விழும். வாங்குகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள், எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேட்பதில்லை. ஜி7 எக்ஸ் மார்க் 3 அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை, அதாவது மூன்று விரல்கடை தூரத்துக்குப் போகும், முழு ஜூமில் 35 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடல் 200 மில்லிமீட்டர் (இது தூரம் இல்லை, ஜூமின் அளவு) வரை ஜூம் ஆகும், ஆனால் அந்தக் கடைசியில் ஒரு மீட்டர் தூரம் கேட்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து அவ்வளவு தூரம் எங்கே போவது, எதிர் வரிசையில் இருப்பவர் மடியில்தான் போய் உட்கார வேண்டும். அகலக் கோணத்தில் கிட்டப் போனாலோ வட்டத் தட்டு முட்டையாகிவிடும், வறுத்த பாறைமீன் தலை மட்டும் பெருத்து வால் சுண்டிப்போகும். 50 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஜூமை வைத்து, ஒன்றரைச் சாண் தள்ளி ஃபோகஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் சாப்பாட்டுக்கு அது போதும். லென்ஸின் துவாரமான அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வைக்க வேண்டாம், கிட்டத்தில் ஒரு மிளகாய்த் துண்டு மட்டும் தெளிவாகி மீன் கரைந்துவிடும். எஃப் 4 அளவுக்குக் குறையுங்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த சிக்கல் வேறு. கூரைக்கு நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இலையில் இருந்த சோறு நீலம், குழம்பு ஊதா, வறுத்த நெத்திலி ஏதோ தண்ணீரில் ஊறிச் செத்த மாதிரி. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வேண்டிய ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கைவிட்டுவிட்டது. வெறும் சோற்றை மட்டும் திரை நிறையக் காட்டி கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்தேன், குழம்பு குழம்பாகத் திரும்பிவந்தது. வெள்ளைத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. அதைவிடச் சுலபமான வழி, இலையைக் கொட்டகையின் ஓரத்துக்கு நகர்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வைப்பது. நான் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது பரிமாறுகிற அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தம்பி, மீனு ஆறுது, படத்தையா திங்கப் போற?" என்றார். நியாயம்தான். ஒரு இலைக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் கேட்கிற கேமராவை நான் வாங்கமாட்டேன்.

தனுஷ்கோடியில் இருட்டுகிற வரை இருக்க விடமாட்டார்கள், அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை, அந்தப் பிரகாரத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளிப் பக்கம் கடற்படைத் தளம் இருக்கிறது, அங்கே கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கடைசிச் சோதனை சாயங்காலம், கீழக்கரையில். தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் மாவும் இனிப்பும் மணிக்கணக்காகக் கிண்டி இறக்கின கருப்பு அல்வா மாதிரி, எண்ணெய் மினுங்கும். காலையில் வெள்ளை மணல் சாம்பலானது போல இப்போது கருப்புத் தொதல் சாம்பலாகும், கேமரா அதை வெளுக்கப் பார்க்கும். இங்கே எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும், முக்கால் ஸ்டாப். தட்டைக் கொஞ்சம் திருப்பினால் ஓரத்தில் ஒரு மினுக்குக் கோடு ஓடும், அது வந்தால்தான் பார்க்கிறவருக்கு நாக்கில் ஊறும். பக்கத்து டீக்கடை டியூப்லைட்டில் 1/500 நொடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும், ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பட்டை போய்விடும். இருட்டில் வெளிச்ச உணர்வைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றி, டீ ஆற்றுகிறவரின் கையை எடுங்கள். போனோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை. உண்மையைச் சொன்னால் இருட்டில் என் போன் நிறைய இடங்களில் ஜெயித்தது. டீயின் நுரையும் தொதலின் மினுக்கும் மட்டும் கேமராவில்தான் உயிரோடு இருந்தன. எனக்கு அந்த இரண்டும்தான் வேண்டும் என்பதால் வாங்க முடிவு செய்தேன், உங்களுக்கு வேண்டியது வேறாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்துவிடாதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பை மட்டும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். லென்ஸ் கண்ணாடிக்குத் தனித் துணி. நான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துதான் மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுத்தேன். மச்சான் கேமராவைப் பார்க்கவில்லை, அது இருந்த பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சிட்டிகை மணல் விழுந்தது.